ஒரே லஃப்ஸ், ஆனால் ஒரு பாட்டு மட்டும் சின்னதாகக் கேட்கிறது: அதிர்வெண் வாரியாக உரப்பைப் பார்ப்பது எப்படி?

ஜூன் 3, வாசகர் கேள்வி

என் பாட்டும், மாதிரிக்கு வைத்திருக்கும் பாட்டும் மீட்டரில் -14 லஃப்ஸ்தான் (உரப்பை அளக்கும் அலகு) காட்டுகின்றன. அனலைசரில் (எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஒலி என்று கோடாக வரையும் கருவி) இரண்டு கோடுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தாலும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. என்னுடையது கீழ்ப்பக்கம் கொஞ்சம் தடித்திருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் மாற்றி மாற்றிக் கேட்டால் என் பாட்டு பின்னால் தள்ளி நிற்கிறது, சின்னதாக இருக்கிறது. மாஸ்டரிங்கில், அதாவது பாட்டை வெளியிடும் முன் செய்யும் கடைசி ஒலிச் சரிசெய்தலில், எதைப் பார்க்காமல் விடுகிறேன்?

ஜூன் 3, மாலை

நீங்கள் பார்க்கும் இரண்டுமே முழு உரப்பைச் சொல்பவை அல்ல. லஃப்ஸ் பாட்டு முழுவதற்கும் ஒரே எண். அனலைசர் காட்டுவது ஆற்றல். காது எதை உரக்கக் கேட்கிறது என்பது இந்த இரண்டுக்கும் நடுவில் விழுந்துவிடுகிறது.

லஃப்ஸ் எப்படி வருகிறது என்று பார்த்தாலே பாதி பதில் கிடைக்கும். உரப்பை அளப்பதற்காக ஐ.டி.யூ. (சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம்) தந்த பி.எஸ். 1770 பரிந்துரை 2006-ல் முதலில் வந்தது. அதன்படி ஒலி இரண்டு வடிகட்டிகள் வழியாகப் போகும். ஒன்று மேல் அதிர்வெண்களைச் சுமார் 4 டெசிபல் தூக்கும். இன்னொன்று அடியில் கிடக்கும் ஆழ்ந்த பேஸைக் குறைக்கும். அப்புறம் ஆற்றலைச் சராசரி எடுத்துச் சானல்களைக் கூட்டினால் எண் தயார். எந்தப் பகுதியிலிருந்து எவ்வளவு வந்தது என்பது அந்தக் கூட்டலிலேயே கரைந்துவிடும்.

ஜூன் 3, இரவு

மேலே சொன்ன இரண்டாவது வடிகட்டியைப் பற்றி இன்னும் கொஞ்சம். 'பேஸைக் குறைக்கும்' என்றதும் காது குறைக்கிற அளவுக்கு அதுவும் குறைக்கும் என்று நினைத்துவிட வேண்டாம். 50 ஹெர்ட்ஸில் அது வெட்டுவது சுமார் 4 டெசிபல், 100 ஹெர்ட்ஸில் 1 டெசிபலுக்குக் கொஞ்சம் மேல். ஒரே அளவில் 100 ஹெர்ட்ஸ் சைன் (ஒரே அதிர்வெண் மட்டும் உள்ள தூய ஒலி) ஒன்றையும் 1 கிலோஹெர்ட்ஸ் சைன் ஒன்றையும் மீட்டருக்குக் கொடுத்தால் இரண்டுக்கும் 2 டெசிபல் அளவுதான் வித்தியாசம் காட்டும்.

காதோ வேறு கணக்குப் போடுகிறது. 1 கிலோஹெர்ட்ஸில் 40 டெசிபலாக இருக்கும் மெல்லிய ஒலிக்குச் சமமாக 100 ஹெர்ட்ஸ் கேட்க வேண்டுமென்றால் அதற்குச் சுமார் 64 டெசிபல் வேண்டும். 24 டெசிபல் இடைவெளி! சத்தமாக வைத்து, 80 டெசிபல் அளவில் கேட்டால் இடைவெளி 12-க்கு இறங்கிவிடும். இவை ஐ.எஸ்.ஓ. 226 தரத்தின் சம உரப்புக் கோடுகளில் இருப்பவை. பெல் ஆய்வகத்தில் ஃபிளெட்சரும் மன்சனும் 1933-ல் தொடங்கி வைத்த வேலையின் இன்றைய வடிவம்.

ஆக, உங்கள் பாட்டில் பேஸ் அதிகம் இருந்தால் மீட்டர் அதைக் கிட்டத்தட்ட முழு விலைக்கு எண்ணிக்கொள்கிறது. கேட்பவரின் காதுக்குக் கிடைப்பதோ அதில் ஒரு பங்குதான். -14 என்ற ஒதுக்கீட்டைப் பேஸ் தின்றுவிடுகிறது. குரலுக்கும் கிட்டாருக்கும் மிச்சம் குறைவு. "கீழ்ப்பக்கம் கொஞ்சம் தடித்திருக்கிறது, அவ்வளவுதான்" என்று எழுதியிருக்கிறீர்களே, நான் அங்கிருந்துதான் தொடங்குவேன்.

ஜூன் 4

இன்னொரு காரணம், இதைவிட முக்கியமானது என்று நினைக்கிறேன்.

காது ஒலியைப் பட்டை பட்டையாகப் பிரித்து வாங்குகிறது. 1 கிலோஹெர்ட்ஸ் பக்கம் ஒரு பட்டையின் அகலம் சுமார் 160 ஹெர்ட்ஸ். மேலே போகப் போக அகலம் கூடும். ஒலியியல் ஆய்வாளர் ஸ்விக்கர் இவற்றை 24 பட்டைகளாக வகுத்தார், பார்க் அளவுகோல் என்று பெயர். ஒரே பட்டைக்குள் இரண்டு ஒலிகள் விழுந்தால் ஆற்றல்தான் கூடும். சமமான இரண்டு இரைச்சல்கள் சேர்ந்தால் 3 டெசிபல் ஏறும், காதுக்குக் கொஞ்சம்தான் உரக்கும். அதே இரண்டும் தள்ளித் தள்ளி வெவ்வேறு பட்டைகளில் விழுந்தால் உரப்பே கூடும். காதுக்குக் கேட்கும் உரப்பின் அலகு சோன். அந்தக் கணக்கில் 1-ம் 1-ம் சேர்ந்து ஏறக்குறைய 2. சோன் இரட்டிப்பது என்றால் 10 டெசிபல் தூக்கியதற்குச் சமம்.

1957-ல் ஸ்விக்கர், ஃப்ளாட்டார்ப், ஸ்டீவன்ஸ் மூவரும் இதைத்தான் அளந்தார்கள். மொத்த ஆற்றலை மாற்றாமல் ஒலியின் அகலத்தை மட்டும் கூட்டிக்கொண்டே போனார்கள். ஒரு பட்டைக்குள் இருக்கும்வரை உரப்பு மாறவில்லை. பட்டையைத் தாண்டியதும் ஏறத் தொடங்கியது.

மாஸ்டரிங்குக்கு இதன் பொருள் நேரானது. ஒரே லஃப்ஸில் இரண்டு பாட்டுகள் இருந்தால், ஆற்றலை நிறையப் பட்டைகளில் பரப்பி வைத்திருப்பது பெரிதாகக் கேட்கும். இரண்டு மூன்று பட்டைகளில் குவித்து வைத்திருப்பது சின்னதாகக் கேட்கும். பி.எஸ். 1770-க்கு இந்தக் கணக்கு தெரியாது. அது ஆற்றலை மட்டும் கூட்டுகிறது.

ஜூன் 4, பிற்பகல்

"அப்படியானால் ஸ்விக்கர் முறையிலேயே அளந்துவிடலாமே?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். அளக்கலாம், ஐ.எஸ்.ஓ. 532-ல் முறை இருக்கிறது. ஆனால் அதற்கு ஒலி காதில் எத்தனை டெசிபலில் விழுகிறது என்று தெரிந்தாக வேண்டும். கோப்பில் இருக்கும் பாட்டுக்கு அப்படி ஓர் எண்ணே இல்லை. கேட்பவர் ஒலிக் குமிழை எங்கே வைப்பார் என்பது நம் கையில் இல்லையே. இயந்திரச் சத்தத்தை அளப்பவர்களுக்கு அது அருமையான கருவி. நமக்கு அதன் கருத்து போதும்.

ஜூன் 6

அனலைசர் விஷயத்துக்கு வருகிறேன். "இரண்டு கோடும் ஒன்றுபோல் இருக்கின்றன" என்பதை நம்புவதற்கு முன் இரண்டு அமைப்புகளைப் பாருங்கள்.

முதலாவது, திரையின் உயரம். மேலிருந்து கீழே 90 டெசிபலை அடக்கி வைத்திருந்தால் 3 டெசிபல் வித்தியாசம் ஒரு கோட்டின் தடிமன் அளவுதான் தெரியும். மாஸ்டரிங்கில் 3 டெசிபல் என்பது மலை. குரல் பகுதியில் 1 டெசிபல் மாற்றினாலே பாட்டின் முகம் மாறும். உயரத்தை 30, 36 டெசிபலுக்குச் சுருக்குங்கள்.

இரண்டாவது, சாய்வு. பிங்க் நாய்ஸ் என்ற சோதனை இரைச்சலில் ஒவ்வொரு ஆக்டேவிலும் (அதிர்வெண் இரட்டிக்கும் ஒவ்வொரு இடைவெளியிலும்) ஆற்றல் சமம். ஆனால் எஃப்.எஃப்.டி. (ஒலியை அதிர்வெண்களாகப் பிரிக்க அனலைசர் போடும் கணக்கு) சம அகலத் துண்டுகளாக வெட்டுவதால், சாய்வு எதுவும் கொடுக்காவிட்டால் திரையில் அது ஆக்டேவுக்கு 3 டெசிபல் இறங்கும். சாய்வை 3 என்று வைத்தால் சமதளமாக நிற்கும். வாக்ஸெங்கோ ஸ்பான் என்ற அனலைசரில் இயல்பாகவே 4.5 இருக்கும். அதில் அதே பிங்க் நாய்ஸ் ஆக்டேவுக்கு 1.5 டெசிபல் மேலேறும். 20 ஹெர்ட்ஸிலிருந்து 20 கிலோஹெர்ட்ஸ் வரை ஏறக்குறைய 10 ஆக்டேவ், ஆகவே மொத்தம் 15 டெசிபல் ஏற்றம். பெரும்பாலான இசை பிங்க் நாய்ஸைவிடச் செங்குத்தாக இறங்குவதால், 4.5 சாய்வில் பாட்டு ஓரளவு தட்டையாகத் தெரியும். ஆனால் ஒரு கருவியில் 3, இன்னொன்றில் 4.5 என்று வைத்துக்கொண்டு "எனக்கு மேல்பகுதி குறைவு" என்று முடிவு கட்டுகிறவர்களை நிறையப் பார்க்கிறேன்.

ஜூன் 7

ஒரு வாசகர் சொல்கிறார்: "ஐ.எஸ்.ஓ. 226 கோட்டைத் தலைகீழாக்கி அனலைசருக்குச் சாய்வாகக் கொடுத்துவிட்டால் திரையில் தெரிவதே உரப்பு. அது சமதளமாக வரும்வரை ஈக்யூ (அதிர்வெண் வாரியாகக் கூட்டிக் குறைக்கும் கருவி) போட்டால் போதும்."

இதை மறுக்க வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இதைச் செய்த பாட்டுகள் காதைக் கிழிக்கும். அந்தக் கோடுகள் தனிச் சைன்களுக்கானவை, ஒன்றையொன்று மறைக்கும் இருபது வாத்தியங்களுக்கானவை அல்ல. ஒலி அளவு மாறினால் கோடும் மாறும். எந்தக் கோட்டைத் தலைகீழாக்குவீர்கள், 40-ஐயா, 80-ஐயா? எல்லாவற்றுக்கும் மேலாக, எல்லா அதிர்வெண்ணும் சம உரப்பில் இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? நேரில் பேசும் குரலும் வயலினும் அப்படி ஒலிப்பதில்லை. கேட்டுப் பழகிய காது அதை ஏற்காது.

ஆனால் அவர் கேள்விக்குள் நல்ல விஷயம் ஒன்று ஒளிந்திருக்கிறது. இரண்டு பாட்டுகளைப் பட்டை வாரியாக ஒப்பிடும்போது எந்த எடையிடலும் (காதுக்கு ஏற்றபடி அதிர்வெண்களைக் கூட்டிக் குறைப்பது) தேவையே இல்லை. ஒரே பட்டையில் இரண்டு பாட்டுக்கும் ஒரே எடைதான் விழும், கழித்தால் அடிபட்டுப் போகும். 2-4 கிலோஹெர்ட்ஸில் உங்களுடையது 2 டெசிபல் குறைவு என்றால் எந்த வடிகட்டி போட்டாலும் 2 குறைவுதான்.

எடை எங்கே வேண்டும்? அந்த 2 டெசிபல் எவ்வளவு பெரிய விஷயம் என்று முடிவு செய்யும் இடத்தில். கீழ்ப்பகுதியில் சம உரப்புக் கோடுகள் நெருங்கிக் கிடக்கின்றன. ஃபோன் என்பது உரப்பு மட்டத்தின் அலகு, 1 கிலோஹெர்ட்ஸில் டெசிபலும் அதுவும் ஒன்று. அங்கே 40 ஃபோனிலிருந்து 80 ஃபோனுக்குப் போக 40 டெசிபல் ஏற வேண்டும். 100 ஹெர்ட்ஸில் 28 டெசிபல் ஏறினால் போதும், 20 ஹெர்ட்ஸில் சுமார் 19. அதாவது பேஸில் 3 டெசிபல் மாற்றினால் அது நடுப்பகுதியில் 4 டெசிபலுக்கு மேல் மாற்றியதுபோல் கேட்கும். பேஸைக் கேட்க நிறைய ஆற்றல் வேண்டும், ஆனால் கேட்கத் தொடங்கிவிட்டால் சிறு மாற்றமும் பெரிதாகத் தெரியும். பேஸ் விஷயத்தில் எல்லோரும் தடுமாறுவது இதனால்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஜூன் 9

எப்படி அளப்பது என்று நான்கைந்து பேர் கேட்டுவிட்டீர்கள். நான் செய்வது இது.

இரண்டு பாட்டையும் முதலில் மொத்த லஃப்ஸில் சமமாக்கிவிடுகிறேன். பிறகு செங்குத்தான, லீனியர் ஃபேஸ் (அதிர்வெண்களின் நேர ஒழுங்கைக் குலைக்காத) வடிகட்டி ஒன்றைப் போட்டு ஒரு பட்டையை மட்டும் விடுகிறேன்: 20-60, 60-120, 120-250, 250-500 என்று ஆக்டேவ் ஆக்டேவாக மேலே போய், கடைசியில் 8 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் இருப்பது எல்லாம் ஒரே பட்டை. வடிகட்டிக்குப் பின்னால் லவுட்னஸ் மீட்டர். பல்லவியில் ஓர் எண், சரணத்தில் ஓர் எண், உச்சத்தில் ஓர் எண். எல்லாம் 3 விநாடிக் கணக்கான ஷார்ட்-டெர்ம் அளவு. மாதிரிப் பாட்டுக்கும் அப்படியே. கழித்துப் பார்த்தால் எங்கே வீங்கியிருக்கிறது, எங்கே வற்றியிருக்கிறது என்று கையில் வந்துவிடும்.

பட்டையைத் தனியாகக் கேட்பதும் முக்கியம். எண்ணைவிட அதில்தான் நான் அதிகம் கற்றேன். 250-500-ஐ மட்டும் தனியாக ஓடவிட்டால் கிட்டார், குரலின் அடிப்பகுதி, பியானோவின் இடது கை, அறையின் எதிரொலி எல்லாம் அங்கே முட்டிக்கொண்டு நிற்பது கேட்கும். முழுப் பாட்டில் அது 'கொஞ்சம் மந்தம்' என்று மட்டும்தான் தெரியும்.

ஜூன் 9, இரவு

மேலே ஷார்ட்-டெர்ம் என்று எழுதியதற்குக் காரணம் இருக்கிறது. பட்டை வாரியாக அளக்கும்போது இன்டகிரேட்டட் எண்ணை, அதாவது பாட்டு முழுவதற்குமான ஒரே எண்ணை, பயன்படுத்த வேண்டாம்.

2011-ல் வந்த திருத்தத்திலிருந்து பி.எஸ். 1770-ல் ஒரு கதவு இருக்கிறது. 400 மில்லிவிநாடித் துண்டுகளில், சராசரியைவிட 10 டெசிபலுக்கு மேல் கீழே இருப்பவற்றைக் கணக்கிலேயே சேர்க்காது. முழுப் பாட்டுக்கு அது நல்லது, மௌனத்தை எண்ணாமல் விடுகிறது. ஆனால் 8 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் உள்ள பட்டையை மட்டும் கொடுத்தால் என்ன ஆகும்? ஷேக்கரும் சிம்பலும் பல்லவியில் மட்டும் வருகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். சரணம் முழுவதும் கதவுக்கு வெளியே தள்ளப்பட்டுவிடும். மீட்டர் பல்லவியின் எண்ணை மட்டும் காட்டி, பாட்டு முழுக்க மேல்பகுதி நிறைந்திருப்பதுபோல் சொல்லும். மாதிரிப் பாட்டில் ஷேக்கர் தொடர்ந்து ஓடினால் இரண்டுக்கும் ஒரே எண் வரும். காதுக்கோ இரண்டும் வேறு வேறு பாட்டு.

ஜூன் 14

சில நாட்களாக ஒரு பாட்டில் மாட்டிக்கொண்டிருந்தேன், அதனால்தான் இடைவெளி. அந்தப் பாட்டே இந்த இழைக்குப் பொருந்துகிறது.

பெண் குரல், இரண்டு வயலின், ஸ்னேர் டிரம் தூக்கலாக இருக்கும் தாளம். 2-4 கிலோஹெர்ட்ஸ் பட்டையில் மாதிரிப் பாட்டோடு சராசரி அப்படியே ஒத்துப்போனது. ஆனாலும் குரல் மங்கலாக இருந்தது, ஸ்னேர் மட்டும் காதைக் குத்தியது. அந்தப் பட்டையின் அளவை நேரப்போக்கில் கோடாக வரைந்து பார்த்தபோது தெளிவானது. மாதிரியில் கோடு ஒரே மட்டத்தில் லேசாக அசைந்துகொண்டே போகிறது. இந்தப் பாட்டில் ஸ்னேர் விழும் இடமெல்லாம் கோபுரம், நடுவில் எல்லாம் பள்ளம். சராசரி எடுத்தால் இரண்டும் ஒன்று.

அதனால் சராசரியோடு நிற்காதீர்கள். ஒவ்வொரு பட்டையிலும் நடு மதிப்பு என்ன, மேல்முனை என்ன என்று இரண்டையும் எழுதுங்கள். ஐரோப்பிய ஒலிபரப்புக்காரர்கள் எல்.ஆர்.ஏ. என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். ஷார்ட்-டெர்ம் அளவுகளை வரிசைப்படுத்தி, கீழிருந்து 10 சதவீதத்துக்கும் 95 சதவீதத்துக்கும் உள்ள இடைவெளியைச் சொல்வது. அதே யோசனையைப் பட்டைக்குள் கொண்டுவருகிறேன். ஸ்னேர் மாதிரித் துள்ளல்களுக்கு 3 விநாடி அளவு மிகப் பெரியது. இங்கே 400 மில்லிவிநாடி மொமன்டரி அளவைத்தான், அதையும்விடக் குறுகிய அளவு கிடைத்தால் அதைத்தான் எடுக்க வேண்டும்.

மேல்முனை அதிகம், நடு குறைவு என்றால் சாதாரண ஈக்யூ உதவாது. தூக்கினால் ஸ்னேர் இன்னும் குத்தும், இறக்கினால் குரல் இன்னும் மங்கும். அந்தப் பட்டையில் டைனமிக் ஈக்யூவை (அளவு எல்லை மீறும்போது மட்டும் வேலை செய்யும் ஈக்யூ) வைத்து முனையை மட்டும் அழுத்தி, பிறகு முழுப் பட்டையையும் கொஞ்சம் தூக்கினேன். மிக்ஸுக்கே, அதாவது குரலையும் வாத்தியங்களையும் கலக்கும் கட்டத்துக்கே, திரும்பி ஸ்னேரைச் சரிசெய்ய முடிந்தால் அது இன்னும் நல்லது.

ஜூன் 15

லிமிட்டர் (ஒலி உச்ச எல்லையைத் தாண்டாமல் அமுக்கும் கருவி) பற்றிக் கேட்டவருக்கு: பட்டை வாரி அளவை லிமிட்டருக்கு முன்னும் பின்னும் எடுங்கள். முழு ஒலிக்கும் ஒரே லிமிட்டர் என்றால் கிக் டிரம் விழும் ஒவ்வொரு முறையும் அது எல்லாப் பட்டைகளையும் சேர்த்துத்தான் அமுக்குகிறது. 60 ஹெர்ட்ஸ் செய்த தப்புக்கு 3 கிலோஹெர்ட்ஸ் அடி வாங்குகிறது. அந்த மேல்பட்டையின் கோட்டில் தாளத்துக்குத் தாளம் ஒரு குழி தெரிந்தால், லிமிட்டரை மாற்றுவதற்கு முன் கிக்கின் வாலை, அதாவது அடித்த பின் நீளும் ஒலியை, குறையுங்கள்.

ஜூன் 21

கேள்வி கேட்டவர் அளந்துவிட்டு வந்திருக்கிறார். 60-120 பட்டையில் அவருடையது 5 டெசிபல் அதிகம். 1-2, 2-4 கிலோஹெர்ட்ஸ் இரண்டிலும் ஒன்றரை குறைவு. திரையில் 'கொஞ்சம் தடித்தது' என்று தெரிந்தது இந்த 5 டெசிபல்தான்! பேஸ் கிட்டாரையும் கிக்கின் வாலையும் மிக்ஸிலேயே 4 டெசிபல் குறைத்திருக்கிறார். மொத்த லஃப்ஸ் ஒன்றரை இறங்கியது. திரும்ப -14-க்குத் தூக்கியதும் மற்ற எல்லாப் பட்டைகளும் தானாகவே ஒன்றரை ஏறிவிட்டன. மேலே எந்த ஈக்யூவும் போடவில்லை.

கணக்கும் சரியாக வருகிறது. மீட்டர் எண்ணும் ஆற்றலில் பாதி அந்த ஒரு பட்டையில் இருந்தது என்று வைத்தால், அதை 4 டெசிபல் குறைக்கும்போது மொத்தம் 0.5 + 0.2 = 0.7 ஆகிறது. டெசிபலில் அது ஒன்றரை.

"பேஸ் குறைந்தது என்று யாரும் சொல்லவில்லை, குரல் முன்னால் வந்துவிட்டது என்றுதான் சொன்னார்கள்" என்று எழுதியிருக்கிறார். எனக்கு மிகவும் மகிழ்ச்சி.

ஜூன் 22

நேற்றைய குறிப்பைப் படித்துவிட்டு, எல்லோரும் போய் மாதிரிப் பாட்டின் எண்களை அப்படியே நகலெடுக்கத் தொடங்கிவிடக் கூடாது. மாதிரி வேறு சுருதியில் இருந்தால் அதன் பேஸ் அடிக்கும் இடமே வேறு. பேஸ் கிட்டாரின் தாழ்ந்த ஈ தந்தி 41 ஹெர்ட்ஸ், அதற்கு மேலுள்ள ஏ தந்தி 55. ஒரு பாட்டு ஈ சுரத்திலும் இன்னொன்று பி சுரத்திலும் சுற்றினால் ஒன்றின் பேஸ் 20-60-க்குள் விழும், இன்னொன்றின் பேஸ் 60-120-க்குள் விழும். எண்கள் தாறுமாறாகத் தெரியும், பாட்டில் குறை இருக்காது. கீழே உள்ள இரண்டு பட்டைகளைச் சேர்த்தும் ஒரு முறை பார்த்துவிட்டு முடிவெடுங்கள். ஒரே மாதிரிப் பாட்டோடு நிற்காமல் மூன்று நான்கு வைத்துக்கொண்டால், எந்தப் பட்டையில் அவை எல்லாம் ஒன்றுபடுகின்றன, எங்கே சுதந்திரமாக விலகுகின்றன என்பது புரியும். அவை விலகும் இடத்தில் நீங்களும் விலகலாம்.

ஜூன் 22, மாலை

அறை பற்றிய கேள்விக்குச் சுருக்கமாக: 4 மீட்டர் நீள அறையில் முதல் நிலையலை (சுவர்களுக்கு இடையே பட்டுத் திரும்பித் தேங்கி நிற்கும் ஒலி அலை) 43 ஹெர்ட்ஸில் வரும். நீங்கள் உட்காரும் இடத்தைப் பொறுத்து அது வீங்கும் அல்லது காணாமல் போகும். கீழ்ப்பட்டைகளில் எண்ணும் காதும் சண்டை போட்டால் அங்கே மட்டும் எண்ணை நம்புங்கள், ஹெட்ஃபோனில் ஒரு முறை சரிபாருங்கள். 500 ஹெர்ட்ஸுக்கு மேலே நான் காதைத்தான் நம்புவேன். கேட்கும் அளவை மட்டும் ஓரிடத்தில் நிறுத்தி வையுங்கள். குமிழை ஏற்றி இறக்கிக்கொண்டே இருந்தால் சம உரப்புக் கோடுகள் மாறிக்கொண்டே இருக்கும், உங்கள் பேஸ் முடிவும் கூடவே மாறும்.

ஜூன் 28

"எஃப்.எஃப்.டி. அளவு எவ்வளவு வைக்கலாம்?" என்று கடைசியாக வந்திருக்கும் கேள்வி. விநாடிக்கு 44,100 சாம்பிள் உள்ள கோப்பில் 4096 வைத்தால் ஒவ்வொரு துண்டும் சுமார் 10.8 ஹெர்ட்ஸ் அகலம், நேரத்தில் 93 மில்லிவிநாடி. 41 ஹெர்ட்ஸையும் 55 ஹெர்ட்ஸையும் பிரித்துப் பார்க்க அது போதாது. 16,384 வைத்தால் 2.7 ஹெர்ட்ஸ் கிடைக்கும், ஆனால் 370 மில்லிவிநாடி மங்கிப்போகும், ஸ்னேரின் அடி அதில் கரைந்துவிடும். இரண்டும் ஒரே திரையில் கிடைக்காது. பேஸைப் பார்க்கும்போது பெரியது, 2 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் துள்ளலைப் பார்க்கும்போது 2048. நான் இரண்டு அனலைசர்களைப் பக்கத்தில் பக்கத்தில் திறந்தே வைத்திருக்கிறேன்.